வடிகாலுக்குள் போன மண்ணும் நான் போட்ட ஒரு குறியும்

காலை ஏழு மணிக்குப் பிடித்த மழை எட்டு மணிக்கெல்லாம் நின்றுவிட்டது. ஆனால், எங்கள் கட்டுமானத் தளத்துக்கு வெளியே இருந்த வடிகாலில் ஓடிய தண்ணீர் தே தாரிக் நிறத்தில் இருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்தபோது என் வயிற்றில் ஏதோ புரண்டது. முந்தைய நாள் மாலை அந்த மூலையில் எல்லாம் சரியாக இருப்பதாகச் சரிபார்ப்புப் பட்டியலில் குறி போட்டிருந்தவள் நான்தான். உண்மையில், அந்த மூலைக்கு நான் போகவே இல்லை.

பல்கலைக்கழகத்தில் சுற்றுப்புறப் பொறியியல் படிக்கிறேன். இரண்டாம் ஆண்டு முடிந்த விடுமுறையில் ஒரு கட்டுமானத் தளத்தில் பத்து வார வேலைப் பயிற்சி கிடைத்தது. பாலம், கட்டடம் என்று பெரிதாக ஏதாவது செய்யச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன். எனக்குக் கொடுத்த வேலை, மழைநீரைக் கவனிப்பது. முதலில் ஏமாற்றமாக இருந்தது. பத்து வாரம் முடிந்தபோது, இந்த ஊரில் மழைநீரைக் கவனிப்பதைவிடப் பெரிய பொறியியல் வேலை அதிகம் இல்லை என்று தோன்றியது.

வடிகாலும் குழாயும் ஒரே வழி

நம்மில் பலருக்கு வடிகால் என்றால் குப்பை, கொசு, சில நேரங்களில் அதற்குள் விழுந்த பந்து. கழிவறைத் தண்ணீரும் அதில்தான் போகிறது என்று நினைக்கும் நண்பர்களும் எனக்கு உண்டு. அது தவறு. சிங்கப்பூரில் கழிவுநீருக்கு ஒரு கட்டமைப்பு, மழைநீருக்கு வேறொரு கட்டமைப்பு. கழிவுநீர் நிலத்தடிக் குழாய்களில் போகிறது. மழைநீர் சிறு வடிகாலில் விழுந்து, கால்வாய்க்குப் போய், பெரும்பாலான இடங்களில் ஒரு நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. நம் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. அங்கு விழும் மழை 17 நீர்த்தேக்கங்களில் தேங்கி, சுத்திகரிக்கப்பட்டு, நம் வீட்டுக் குழாய்க்கு வருகிறது.

2008ல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டால் நகரத்தின் நடுவிலேயே ஒரு நீர்த்தேக்கம் உருவானது. ஆர்ச்சர்ட் ரோட்டில் பெய்யும் மழையும் லிட்டில் இந்தியாவில் பெய்யும் மழையும் குடிநீராக மாறக்கூடியவை. ஆகவே, ஒரு கட்டுமானத் தளத்திலிருந்து மண் வடிகாலுக்குள் போனால், அது யாருடைய தண்ணீர் என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. நம்முடையது.

மண் இயற்கையானதுதானே, அதனால் என்ன கெடுதல் என்று நானும் கேட்டிருக்கிறேன். கலங்கிய தண்ணீரில் சூரிய ஒளி இறங்காது. நீர்த் தாவரங்கள் வாடும். நுண்ணிய மண் மீன்களின் செவுள்களில் அடைத்துக்கொள்ளும். கால்வாயின் அடியில் மண் படிந்தால், அதில் தண்ணீர் ஓடுவதற்கான இடம் குறையும். அடுத்த பெருமழையில் அந்த இடம் போதாமல் போகலாம். சுத்திகரிப்பு நிலையத்துக்கும் கூடுதல் வேலை.

அரை மண்டலம் மண், பத்து வார வேலை

எங்கள் தளம் ஏறத்தாழ 2 ஹெக்டர். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த நிலத்தில் விழும் தண்ணீர் 600 கன மீட்டர். ஒலிம்பிக் நீச்சல்குளம் ஒன்றில் கால்வாசி. புல்லும் மரமும் இருந்தவரை அதில் ஒரு பகுதியை மண் உறிஞ்சிக்கொண்டிருந்தது. மரங்களை அகற்றி நிலத்தைக் கிளறிய பிறகு, தண்ணீர் நிற்காமல் ஓடும். ஓடும்போது மண்ணையும் தூக்கிச் செல்லும்.

கட்டுமானத் தளத்திலிருந்து வடிகாலுக்குள் விடப்படும் நீரில், ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மிதக்கும் திடப்பொருள் இருக்கக்கூடாது என்பது இங்குள்ள விதிமுறை. ஒன்றரை லிட்டர் புட்டியில் 75 மில்லிகிராம், அதாவது ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. ஆனால், வெற்று மண்ணில் ஓடி வரும் மழைநீரில் ஒரு லிட்டருக்கு 5,000 மில்லிகிராம்கூட இருக்கலாம். அப்படியே 600 கன மீட்டரையும் வெளியே விட்டால், 3 டன் மண் கால்வாய்க்குப் போய்விடும். ஒரே மழையில்.

இதைத் தடுக்கும் ஏற்பாடுகளுக்கு மண்ணரிப்புக் கட்டுப்பாட்டு நடவடிக்கைகள் என்று பெயர். வேலை தொடங்கும் முன்பே, இதற்கென்று தகுதிபெற்ற நிபுணர் ஒருவர் திட்டத்தை வரைந்து ஒப்புதல் அளிக்க வேண்டும். அந்தத் திட்டத்தை முதல்நாள் என் கையில் கொடுத்தார்கள். கோடுகளாலும் அம்புக்குறிகளாலும் நிறைந்திருந்த அந்தத் தாளை நான் மூன்றாகப் பிரித்துப் புரிந்துகொண்டேன்.

முதலாவது, மண் நகராமல் பார்த்துக்கொள்வது. முழு நிலத்தையும் ஒரேயடியாகக் கிளறாமல் பகுதி பகுதியாகத் தோண்டுவது, வேலை நடக்காத சரிவுகளைப் போர்வை போன்ற விரிப்புகளால் மூடுவது, முடிந்த இடத்தில் உடனே புல் பதிப்பது. இதுதான் ஆகச் சிக்கனமான வழி.

இரண்டாவது, நகர்ந்த மண்ணைத் தளத்துக்குள்ளேயே பிடித்துவைப்பது. தளத்தைச் சுற்றிலும் கான்கிரீட் பூசிய வாய்க்கால், வேலியின் அடியில் இடைவெளி இல்லாத கட்டு, மண்ணை வடிகட்டும் துணித்தடுப்பு, வெளியேறும் லாரிகளின் சக்கரங்களைக் கழுவும் இடம்.

மூன்றாவது, பிடித்த நீரைத் தெளியவைத்துப் பிறகு வெளியே விடுவது. இதற்கென்று ஒரு தேக்கக் குளமும் சுத்திகரிப்புத் தொட்டிகளும் உண்டு. நீர் வெளியேறும் இடத்தில் ஒரு கண்காணிப்புக் கேமரா, நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும்.

தேத்தாங்கொட்டை சொன்ன பாடம்

கலங்கிய நீரைச் சும்மா விட்டாலே தெளிந்துவிடாதா, எதற்கு இத்தனை தொட்டிகள் என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தவர், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் ஓர் அண்ணன். தேக்கக் குளத்தின் பம்புகளையும் மருந்து கலக்கும் தொட்டியையும் அவர்தான் பார்த்துக்கொண்டார்.

“தங்கச்சி, எங்க ஊருல கம்மாத் தண்ணி செவசெவன்னு இருக்கும். அப்பத்தா பானைக்குள்ள தேத்தாங்கொட்டையை நல்லாத் தேய்ச்சு விடும். கொஞ்ச நேரத்துல மண்ணெல்லாம் அடியில போயி உக்காந்திரும். இங்க கொட்டைக்குப் பதிலா பவுடர். அவ்வளவுதான்,” என்றார்.

அன்றிரவு வீட்டில் பாடப் புத்தகத்தைப் பிரித்துக் கணக்குப் போட்டேன். 0.2 மில்லிமீட்டர் அளவுள்ள மணல் துகள் ஒரு மீட்டர் ஆழத்துக்கு இறங்க ஒரு நிமிடம்கூட ஆகாது. 0.002 மில்லிமீட்டர் அளவுள்ள களிமண் துகள் அதே ஆழத்துக்கு இறங்க ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். அதைவிட நுண்ணியவை வாரக்கணக்கில் மிதக்கும். களிமண் துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால், அவை ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே இருக்கும், ஒன்றுசேர்ந்து கனமாகாது. மூன்று நாள் காத்திருக்க நமக்கு நேரம் இல்லை. அதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

அலுமினிய உப்பு போன்ற பொருளைக் கலந்தால் அந்த மின்னூட்டம் சமனாகிறது. துகள்கள் ஒட்டிக்கொண்டு திரளாகி, சில நிமிடங்களில் அடியில் படிகின்றன. தேத்தாங்கொட்டையில் உள்ள இயற்கைப் பொருள்களும் இப்படித்தான் துகள்களைச் சேர்த்துப் பிடிக்கின்றன. நான் இரண்டு ஆண்டு படித்துத் தெரிந்துகொண்ட பாடத்தை அந்த அப்பத்தா ஒரு பானைக்குள் செய்துகாட்டியிருக்கிறார். வேதியியல் படிக்கும் மாணவர்கள் ஒரு புட்டியில் மண்ணைக் கலக்கி, இன்னொரு புட்டியில் அதோடு சிறிது படிகாரமும் சேர்த்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்தே நிமிடத்தில் புரியும்.

அந்த வியாழக்கிழமை

என் அன்றாட வேலை, மாலை நான்கு மணிக்குத் தளத்தைச் சுற்றி வந்து பட்டியலில் உள்ள 14 இடங்களையும் பார்த்துக் குறி போடுவது. முழுச் சுற்றுக்கு நாற்பது நிமிடம் ஆகும். ஏழு வாரம் தவறாமல் செய்தேன். ஒன்பதாவது இடம், தளத்தின் ஆகத் தொலைவில் இருந்த வடகிழக்கு மூலை. ஏழு வாரமும் அங்கே எதுவும் நடக்கவில்லை.

அந்தப் புதன்கிழமை வெயில் கொளுத்தியது. மறுநாள் நான் படைக்க வேண்டிய இடைக்கால அறிக்கை பாதியில் நின்றது. எட்டாவது இடம் வரை போய்விட்டுத் திரும்பினேன். ஒன்பதாவதுக்கும் குறி போட்டேன். ‘நேற்றும் சரியாகத்தானே இருந்தது’ என்று மனம் சமாதானம் சொன்னது.

அன்று பிற்பகலில்தான் அந்த மூலையில் குழாய் பதிக்க ஒரு பள்ளம் தோண்டியிருந்தார்கள். இயந்திரம் போவதற்காகத் துணித்தடுப்பைக் கழற்றி, சரிவின் விரிப்பைச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தார்கள். வேலை முடிந்ததும் திரும்பப் போட வேண்டும். இருட்டிவிட்டதால் காலையில் போடலாம் என்று விட்டுவிட்டார்கள்.

காலையில் வந்தது சுமத்ரா சூறைக்காற்று. இந்த மாதங்களில் அதிகாலையிலோ காலையிலோ வேகமாக வந்து, ஓரிரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும் மழை அது. திறந்து கிடந்த சரிவிலிருந்து மண் கரைந்து, பள்ளம் நிரம்பி, தளத்து வாய்க்காலைத் தாண்டி, வேலிக்கு அடியில் புகுந்து பொது வடிகாலில் இறங்கியது. கேமரா இருந்தது முறையான வெளியேற்ற இடத்தில். தண்ணீர் போனது வேறு வழியில்.

முதலில் பார்த்தவர் புதுக்கோட்டை அண்ணன்தான். மழை விடும் முன்பே ஓடிவந்து கத்தினார். நான்கைந்து பேர் மணல் மூட்டைகளைச் சுமந்து போய் அந்த வழியை அடைத்தார்கள். பம்பை இழுத்து வந்து, பள்ளத்து நீரைத் தேக்கக் குளத்துக்குத் திருப்பினார்கள். ஏறத்தாழ இருபது நிமிடத்தில் கசிவு நின்றது. மழைமானி 30 மில்லிமீட்டர் காட்டியது. தோண்டும் வேலைகள் நிறுத்தப்பட்டன. உரிய அமைப்புக்குத் தகவல் போனது.

பிறகு மேற்பார்வையாளர் எங்களைக் கூப்பிட்டார். கையில் என் பட்டியல். விரிப்பை எடுத்துவிட்டுத் திரும்பப் போடாதது யார் என்பது அவருடைய முதல் கேள்வி. தோண்டும் குழுவினர் தலையைக் குனிந்து நின்றார்கள். மாலை நான்கு மணிக்குச் சரியாக இருந்ததாகப் பட்டியல் சொல்கிறது. அப்படியானால் அதற்குப் பிறகுதான் யாரோ சொல்லாமல் கழற்றியிருக்க வேண்டும் என்று அவர் முடிவுக்கு வந்துகொண்டிருந்தார்.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அது அப்படியே நின்றிருக்கும். நான்கு மணிக்கு முன்பே கழற்றிவிட்டதாக அவர்கள் சொன்னாலும், என் குறிக்கு எதிராக அவர்கள் சொல்லை யார் எடுத்துக்கொள்வார்கள்? எனக்கு இது பத்து வாரப் பயிற்சி. அவர்களுக்கு இது கடன் வாங்கி வந்த வேலை, ஊரில் உள்ள குடும்பம், அடுத்த ஆண்டு புதுப்பிக்க வேண்டிய வேலை அனுமதி.

“நான் அந்த மூலைக்குப் போகவில்லை. பார்க்காமல் குறி போட்டேன்,” என்று சொன்னேன். குரல் நடுங்கியது.

அவர் திட்டவில்லை. சற்று நேரம் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நடந்ததை நேர வரிசைப்படி எழுதித் தரச் சொன்னார், என் பங்கையும் சேர்த்து. எழுதினேன். என் பயிற்சி மதிப்பீட்டில் அது ஒரு வரியாகப் பதிவானது. மதிப்பெண்ணும் குறைந்தது. தோண்டும் குழுவினருக்கு எச்சரிக்கையோடு முடிந்தது.

அன்று மதிய உணவு நேரத்தில் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “சாப்பிட்டியா தங்கச்சி?” என்று மட்டும் கேட்டார்.

அடுத்த மூன்று வாரம், முதலில் ஒன்பதாவது இடத்துக்குப் போய்விட்டுத்தான் மற்ற இடங்களைப் பார்த்தேன். அன்றைய நாளில் எங்கே தோண்டுகிறார்கள் என்று காலையிலேயே கேட்டு, அந்த இடத்தைப் பட்டியலின் மேலே எழுதிவைக்கும் பழக்கத்தையும் தொடங்கினோம். அதைச் சொன்னது நானல்ல, தோண்டும் குழுவில் இருந்த ஒருவர்.

வேலை முடிந்த பிறகும் மழை பெய்யும்

கட்டடம் எழும்பி, லாரிகள் போய்விட்டால் மண் பிரச்சினை தீர்ந்துவிடும். வேறொரு பிரச்சினை தொடங்கும். முன்பு மண்ணாக இருந்த இடம் இப்போது கூரையும் கார் நிறுத்துமிடமும். வடிகால் வடிவமைப்பில் ஒவ்வொரு வகை நிலத்துக்கும் ஓர் எண் உண்டு. தோட்டங்கள் உள்ள நாட்டுப்புற நிலத்துக்கு 0.45, நெருக்கமாகக் கட்டடங்கள் எழுந்த நகரப் பகுதிக்கு 0.90, தார் பூசிய சாலைக்கு 1. அதாவது, அதே மழைக்கு வடிகாலை நோக்கி ஓடும் தண்ணீரின் வேகமான உச்சம் இரு மடங்காகிறது. வானம் மாறவில்லை. தரைதான் மாறியது.

2010 ஜூன் மாதம் ஆர்ச்சர்ட் ரோட்டில் ஏற்பட்ட வெள்ளத்தைப் பற்றிப் பெற்றோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நிபுணர் குழு, கால்வாயை அகலப்படுத்திக்கொண்டே போக முடியாது. மழை விழும் இடத்திலேயே அதைப் பிடித்துவைக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. 2014 முதல், 0.2 ஹெக்டர் அல்லது அதற்கு மேற்பட்ட நிலத்தில் எழும் புதிய மேம்பாடுகளும் மறுமேம்பாடுகளும் மழைநீரின் உச்ச ஓட்டத்தை 25 முதல் 35 விழுக்காடு வரை குறைக்க வேண்டும். அதற்காகத்தான் பல கட்டடங்களின் அடியில் தேக்கத் தொட்டிகள் இருக்கின்றன. மழையின்போது நிரம்பி, மழை ஓய்ந்த பிறகு மெதுவாக வடியும். பெரிய அளவில் அதே உத்திதான் 2018ல் நிறைவடைந்த ஸ்டாம்ஃபர்ட் தேக்கத் தொட்டி. பூமலைக்குப் பக்கத்தில் நிலத்தடியில் இருக்கும் அது 38,000 கன மீட்டர் நீரைக் கொள்ளும். அதாவது 15 ஒலிம்பிக் நீச்சல்குளங்கள்.

கண்ணுக்குத் தெரியும் வழிகளும் உண்டு. பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் ஓடும் காலாங் ஆறு ஒரு காலத்தில் 2.7 கிலோமீட்டர் நேர்க்கோட்டுக் கான்கிரீட் கால்வாய். 2012ல் அது 3.2 கிலோமீட்டருக்கு வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாறியது. வெயில் நாளில் கரைப் புல்வெளியில் பிள்ளைகள் விளையாடுவார்கள். பெருமழையில் அதே புல்வெளி ஆற்றுக்கு இடம்கொடுக்கும். பொங்கோலில் உள்ள சில வீவக வளாகங்களில், புளோக்குகளுக்கு நடுவே தாழ்வான தோட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். கூரையிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் வரும் நீர் அங்கே செடிகள், மணல், சரளைக்கல் என்று அடுக்கடுக்காக இறங்கி வடிகட்டப்படுகிறது. சில மணி நேரத்தில் வடிந்துவிடும்படி கட்டுவதால் கொசு முட்டையிட நேரம் கிடைக்காது.

ஆனால், இவை எதுவும் கட்டி முடித்ததோடு முடிவதில்லை. மழைத் தோட்டத்தின் மேல் இலைகளும் பிளாஸ்டிக் பைகளும் சேர்ந்தால் தண்ணீர் இறங்காது. தேக்கத் தொட்டியின் வாய் அடைபட்டால் அது வெறும் தொட்டி. யாரோ ஒருவர் மாதா மாதம் போய்ப் பார்க்க வேண்டும். பார்க்காமல் குறி போடக்கூடாது.

உங்கள் வட்டாரத்திலும் ஏதாவது ஒரு வேலை நடந்துகொண்டுதான் இருக்கும். அடுத்த முறை மழை விட்டதும், வேலி ஓரத்து வடிகாலை ஒரு நிமிடம் பாருங்கள். தெளிவாக ஓடினால், உள்ளே யாரோ நனைந்துகொண்டே தங்கள் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். தேநீர் நிறத்தில் ஓடினால், படம் எடுத்து, இடத்தையும் நேரத்தையும் குறித்து, பொதுப் பயனீட்டுக் கழகத்துக்குத் தெரிவிக்கலாம்.

என் பயிற்சியின் கடைசி நாளில் மாலை நான்கு மணிக்கு வழக்கம்போல் சுற்றக் கிளம்பினேன். அடுத்த பயிற்சி மாணவர் வந்திருந்தார், என்னைவிட ஒரு வயது இளையவர். பட்டியலைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு தூரம் தினமும் நடக்க வேண்டுமா?” என்று கேட்டார்.

“ஆமாம்,” என்று சொல்லி, அவரை முதலில் வடகிழக்கு மூலைக்கு அழைத்துப்போனேன். விரிப்பு இருந்தது. துணித்தடுப்பு இருந்தது. அவரே தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்பதாவது கட்டத்தில் குறி போட்டார்.